ரெண்டு பேர் ஓடுன ரேஸ்!

நம்ம டீம் தோற்றதற்காக சந்தோஷப்படலாமா?

அவசரப்பட்டு 'தேசத் துரோகி' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். முழுசாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். அப்புறம் குத்துவதா, வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில், தம்புள்ளை ஸ்டேடியத்தில் பெண்கள் ஆசியக் கோப்பை கிரிக்கெட்டின் ஃபைனல். இந்தியாவும் இலங்கையும் மோதின. முதலில் ஆடிய இந்தியா 20 ஓவரில் 165. ஸ்மிருதி மந்தனா மட்டும் 60. ஃபைனலுக்கு இது மோசமான ஸ்கோர் இல்லை. ஆனால், இலங்கை கேப்டன் சமரி அத்தபத்து 61 அடித்தார். ஹர்ஷிதா சமரவிக்ரம கடைசி வரை அவுட்டாகாமல் 69. எட்டுப் பந்து மிச்சம் இருக்கும்போதே, எட்டு விக்கெட் வித்தியாசத்தில் கோப்பை இலங்கைக்குப் போய்விட்டது.

நம் ஊரில் யாரும் இதற்காக மார்பில் அடித்துக்கொண்டு அழவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமைதான் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வாங்கினார். அன்று ராத்திரியே, அதே இலங்கையில், பல்லேகலே ஸ்டேடியத்தில் நம் ஆண்கள் அணிக்கு ஒரு டி20 மேட்ச். நடுவில் மாட்டிக்கொண்ட பெண்கள் ஃபைனல் ரெண்டு வரிச் செய்தியாகக் கரைந்து போனது.

நான் அந்த ஃபைனலின் கடைசி ஓவர்களைப் பார்த்தது மணலியில், ஒரு டீக்கடையில். "மணலியா? பனியெல்லாம் விழுமே!" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. சார், அது மனாலி. இமாசலப் பிரதேசம். இது மணலி. வடசென்னை. இங்கே விழுவது புழுதிதான். ரிஃபைனரியும் உரத் தொழிற்சாலையும் கன்டெய்னர் லாரிகளுமாக, தூங்காத ஊர். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களும் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் ஒரே டீக்கடையில் எதிரெதிரே நின்று டீ குடிப்பார்கள்.

அன்றைக்குக் கடையில் ஒரு பத்துப் பேர். ஏழு மணிக்கு ஆண்கள் மேட்ச் ஆரம்பம். அதுவரைக்கும் பொழுது போக வேண்டுமே என்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை ஜெயித்ததும், ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்த ஒரு தம்பி அலுத்துக்கொண்டார்.

"இலங்கைகிட்டப் போய் தோத்துட்டாங்களே... லேடீஸ் மேட்ச்னா இப்படித்தான்!"

கடை ஓரத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அக்கா சட்டென்று திரும்பினார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும்.

"ஏன் தம்பி, இவ்ளோ நாளா அவங்கதானே ஜெயிச்சாங்க. அப்பல்லாம் நீ பாத்தியா?"

தம்பியிடம் பதில் இல்லை. அக்கா விடவில்லை. பஜ்ஜியைத் திருப்பிப் போட்டபடியே தன் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். எட்டாவது படிக்கும்போது ஸ்போர்ட்ஸ் டே. பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் என்று அறிவித்தார்கள். வயசுக்கு வந்த பிள்ளைகளை வீட்டில் ஓட விடவில்லை. கடைசியில் கோட்டில் வந்து நின்றது ரெண்டே பேர். அக்கா ரெண்டாவதாக வந்தார். பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வீட்டுக்குக் கொண்டு போனால் அண்ணன்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். 'ரெண்டு பேர் ஓடுன ரேஸ்ல ரெண்டாவதா! அப்போ நீதான் கடைசி!' இன்று வரைக்கும் கல்யாணம், காதுகுத்து எங்கே கூடினாலும் வீட்டில் இந்த ஜோக் ஓடுகிறதாம்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும் தம்பி. நான் ஓடலைன்னா அந்தப் பொண்ணு தனியா ஓடியிருக்கும். தனியா ஓடுனா அதுக்குப் பேரு ரேஸா? பஸ்ஸைப் பிடிக்க ஓடுறது!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், எடுத்துக் கடித்த பஜ்ஜி சூடு ஆறிய பிறகும் அந்த வாக்கியத்தின் சூடு ஆறவில்லை. ஜெயிப்பதைப் பற்றி அவ்வளவு துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பெண்கள் ஆசியக் கோப்பையின் கதையே ரெண்டு பேர் ஓடின ரேஸில்தான் தொடங்குகிறது. 2004 ஏப்ரலில், இலங்கையில் முதல் போட்டி. ஆசியா எவ்வளவு பெரிய கண்டம்! கலந்துகொண்ட நாடுகள் எத்தனை தெரியுமா? ரெண்டு. இந்தியா, இலங்கை. ஐந்து ஒருநாள் போட்டிகள். ஐந்திலும் இந்தியாவே ஜெயித்தது. அண்ணன்கள் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

2005 டிசம்பரில் தொடங்கி கராச்சியில் நடந்த அடுத்த போட்டியில் பாகிஸ்தானும் சேர்ந்தது. மூணு பேர். 2006 டிசம்பரில் ஜெய்ப்பூர். அப்போதும் மூணு பேர்தான். நம் சென்னைப் பெண் திருஷ்காமினி பதினாறு வயசில் இந்திய அணிக்குள் வந்தது அந்தப் போட்டியில்தான். 2008-ல் வங்கதேசமும் வந்தது. நாலு பேர். அந்த வருஷ ஃபைனலில் இலங்கையை இந்தியா 177 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அதை மேட்ச் என்று சொல்வதா, அடிதடி என்று சொல்வதா?

2012-ல் போட்டி டி20 ஆக மாறி சீனாவின் குவாங்சோவுக்குப் போனது. எட்டு அணிகள். ஃபைனலில் பாகிஸ்தானோடு 18 ரன்னில் வெற்றி. 2016-ல் பாங்காக். ஃபைனலில் மறுபடி பாகிஸ்தான். 17 ரன்னில் வெற்றி.

இந்த எண்களை வரிசையாகப் பாருங்கள். 5-0. பிறகு 177. பிறகு 18. பிறகு 17. ஃபார்மேட் மாறியது உண்மைதான். ஆனாலும், கோப்பை ஒவ்வொரு முறையும் இந்தியாவுக்கே வந்தபடி இருக்க, இன்னொரு பக்கம் இடைவெளி குறைந்துகொண்டே வந்ததைக் கவனியுங்கள்.

2018 ஜூன் 10, கோலாலம்பூர். ஃபைனலில் வங்கதேசத்துக்குக் கடைசிப் பந்தில் ரெண்டு ரன் தேவை. ஜஹனாரா ஆலம் பந்தைத் தட்டிவிட்டு ஓடினார். ரெண்டு ரன். ஆறு முறை தொடர்ந்து இந்தியாவிடம் இருந்த கோப்பை முதல் முறையாகக் கை மாறியது. பத்து வருஷத்துக்கு முன்னால் நாலாவது ஆளாகப் போட்டிக்குள் நுழைந்த அதே வங்கதேசம்!

நான் பி.காம். படித்தவன். காலேஜில் முதல் வருஷம் சொல்லிக்கொடுத்ததில் இன்றைக்கும் மறக்காத ஒரே பாடம், டபுள் என்ட்ரி. ஒரு பக்கம் வரவு எழுதினால், அது எங்கிருந்து வந்தது என்று இன்னொரு பக்கம் எழுதியே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதின கணக்குக்குக் கணக்கு என்று பேர் இல்லை. அது ஆசை.

வெற்றியும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். 'ஜெயித்தேன்' என்று ஒரு பக்கம் எழுதினால் போதாது. 'யாரிடம்?' என்று மறுபக்கம் எழுத வேண்டும். தெருவில் ஒரே ஒரு மளிகைக் கடை இருந்தால், அந்தக் கடைக்காரர் 'ஏரியாவில் நம்பர் ஒன்' என்று போர்டு வைத்துக்கொள்ளலாம். பொய்யில்லை. ஆனால், எதிரே இன்னொரு கடை திறந்த பிறகுதான் அவர் நல்ல வியாபாரியா இல்லையா என்பது அவருக்கே தெரியும்.

ஒரு உதாரணம். 2025-ல் நம் பெண்கள் ஒருநாள் உலகக் கோப்பையை ஜெயித்தார்கள். நவம்பர் 2, நவி மும்பை. தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் தோற்கடித்த ஃபைனல். ஆனால், அந்தக் கோப்பையைப் பற்றிப் பேசும்போது மக்கள் முதலில் சொல்வது, மூணு நாளைக்கு முன்னால் நடந்த செமி ஃபைனலைத்தான். ஜெமிமா ரோட்ரிக்ஸின் அவுட்டாகாத 127. ஏன்? எதிரே நின்றது ஆஸ்திரேலியா. ஏழு முறை உலக சாம்பியன். துரத்த வேண்டியிருந்தது 339. அந்த 127-ன் எடையில் பாதி ஆஸ்திரேலியா கொடுத்தது. இதே 127-ஐ, பேட்டையே அப்போதுதான் பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒரு அணியோடு அடித்திருந்தால் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"இதெல்லாம் தோத்தவன் சொல்ற சமாதானம் சார்" என்பீர்கள். "அப்போ வேணும்னே தோக்கணுமா?" என்றும் கேட்பீர்கள்.

நிச்சயமாக இல்லை. வேண்டுமென்றே தோற்பது எதிராளிக்குச் செய்கிற பெரிய அவமரியாதை. சின்னக் குழந்தையிடம் தாயம் ஆடும்போது தோற்றுக் கொடுக்கலாம். வளர்ந்த பெண்ணிடம் அப்படிச் செய்தால், 'உன்னை நான் ஆளாகவே மதிக்கவில்லை' என்று அர்த்தம். 2022-ல் சில்ஹெட்டில் நடந்த ஆசியக் கோப்பையில் தாய்லாந்துப் பெண்கள் பாகிஸ்தானைத் தோற்கடித்தார்கள். கிரிக்கெட் உலகமே ஆச்சரியப்பட்டது. நாலு நாள் கழித்து அதே தாய்லாந்தை இந்தியா 37 ரன்னுக்குச் சுருட்டியது. அதுதான் மரியாதை. 'நீ நிஜமான டீம், உன்னோடு நிஜமாகவே ஆடுகிறேன்' என்பது.

அப்படியென்றால் 2004-ல் கிடைத்த 5-0 போலி வெற்றியா? அதுவும் இல்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. மைதானத்தைக் காலியாக வைத்தது அந்தப் பதினொரு பெண்கள் இல்லை. அவர்களே காலி மைதானத்தின் பிள்ளைகள். 2006 வரைக்கும் பெண்கள் கிரிக்கெட் இந்திய கிரிக்கெட் போர்டின் கையிலேயே இல்லை. தனிச் சங்கம். ரிசர்வேஷன் இல்லாத ரயில், டார்மிட்டரியில் தரையில் படுக்கை என்றுதான் அந்தத் தலைமுறையும் அதற்கு முந்தைய தலைமுறையும் ஆடினார்கள். 2005 உலகக் கோப்பையில் ஃபைனல் வரை போன அணிக்கு மேட்ச்சுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்ததாக மிதாலி ராஜ் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். ஆண்களுக்குச் சமமான மேட்ச் ஃபீஸ் என்று போர்டு அறிவித்தது 2022 அக்டோபர் 27-ல்தான். டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். ஆயிரம் எங்கே, லட்சம் எங்கே!

ஆக, 2004-ல் வந்து நின்ற ரெண்டு பேருமே பெரிய ஆட்கள்தான். ஜெயித்தவர் மட்டுமல்ல. ஐந்து மேட்ச்சும் தோற்போம் என்று தெரிந்த பிறகும், ஐந்தாவது மேட்ச்சுக்கு ஷூவைக் கட்டிக்கொண்டு இறங்கிய இலங்கைப் பெண்களும்தான். 'ரெண்டு பேர்தானா, கேலிக்கூத்து' என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் மூணாவது ஆள் வந்திருக்க மாட்டார். எட்டாவது ஆளும் வந்திருக்க மாட்டார். 2004 முதல் 2022 வரைக்கும் ஐந்து முறை கோப்பைக்காகக் கடைசி வரை மோதி, ஐந்து முறையும் இந்தியாவிடமே இழந்த அணி இலங்கை. ஆறாவது முறைதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அதைப் பார்த்து எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது என்றால், அது இந்தியா தோற்றதற்காக இல்லை. இருபது வருஷமாக எழுதாமல் விட்ட மறுபக்கக் கணக்கை யாரோ எழுதி முடித்ததற்காக.

இன்னொரு சங்கதி. 2018-ல் இந்தியாவைத் தோற்கடித்த வங்கதேசப் பெண்களுக்குக் கோச் யார் தெரியுமா? அஞ்சு ஜெயின். இந்திய அணியின் முன்னாள் கேப்டன், முன்னாள் விக்கெட் கீப்பர்! உதவிக் கோச் தேவிகா பல்ஷிகர். அவரும் இந்தியாவுக்கு ஆடியவர். நம் டீமைத் தோற்கடிக்க நம் ஆட்களே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! இது துரோகமா?

பாரதத்தில் துரோணர் என்று ஒரு வாத்தியார். அவரைப் பற்றி நமக்கெல்லாம் தெரிந்த கதை ஏகலைவன் கதை. அர்ஜுனனுக்கு மேலே ஒரு வில்லாளி இருக்கக் கூடாது என்று ஏகலைவனின் கட்டை விரலை வாங்கிக்கொண்டவர். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கதையும் உண்டு. திருஷ்டத்யும்னன் பிறந்ததே துரோணரைக் கொல்வதற்காக. அது துரோணருக்கும் தெரியும். ஆனாலும், அவனைச் சீடனாக ஏற்று ஆயுத வித்தை சொல்லிக்கொடுத்தார். கடைசியில் அவன் கையால்தான் அவர் தலை போனது.

ஒரே மனுஷன், ரெண்டு காரியம். விரலை வாங்கியதால் என்ன ஆயிற்று? அர்ஜுனன் நம்பர் ஒன் ஆனான். ஆனால், ஏகலைவனின் விரல் இருந்திருந்தால் என்ற கேள்வி அர்ஜுனனை விட்டுப் போகவே இல்லை. இன்று வரைக்கும் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வித்தையைச் சொல்லிக்கொடுத்ததால் என்ன ஆயிற்று? துரோணர் உயிரை இழந்தார். ஆனால், வாத்தியார் என்கிற பேரை இழக்கவில்லை. அஞ்சு ஜெயின் செய்தது ரெண்டாவது காரியம்.

தோற்றவரை மதிப்பது நமக்கு வெளியூரிலிருந்து வந்த பண்பும் இல்லை. வெண்ணிப் போரில் கரிகால் சோழன் ஜெயித்தான். எதிர்த்து நின்ற சேர மன்னன், மார்பில் பாய்ந்த ஆயுதம் முதுகிலும் புண்ணாக்கிவிட்டதே என்று வெட்கப்பட்டு, வடக்கு நோக்கி அமர்ந்து உயிரை விட்டான். ஜெயித்த ராஜாவிடம் போய், 'உன்னைவிட அவனல்லவா நல்லவன்' என்று கேட்கிற மாதிரி ஒருவர் பாடினார். புறநானூற்றில் 66-வது பாட்டு. பாடியவர் வெண்ணிக் குயத்தியார். குயவர் குலத்துப் பெண். கரிகாலன் அவர் வாயை மூடச் சொன்னதாகத் தகவல் இல்லை. பாட்டு ரெண்டாயிரம் வருஷமாக நம்மோடு இருக்கிறது.

சரி, வெண்ணியிலிருந்து வடசென்னைக்கு வருவோம்.

எதிராளியின் அருமை இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதுசில்லை. ராயபுரம் பக்கம் குத்துச்சண்டை கொடிகட்டிப் பறந்த காலத்தில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று ஆளுக்கொரு கட்சி. ஒரு பரம்பரை இல்லாவிட்டால் இன்னொரு பரம்பரையை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்? எதிரே ஆள் வராவிட்டால் 'வாக்ஓவர்' என்று கையைத் தூக்கிவிடுவார்கள். ரிக்கார்டில் அதுவும் வெற்றிதான். ஆனால், வாக்ஓவரில் ஜெயித்ததை எந்தப் பரம்பரையும் பேரப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லாது.

கேரம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக சாம்பியன். இதே வடசென்னையிலிருந்து போன காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூணு தங்கம். எளிய குடும்பத்துப் பெண்கள் ரெண்டு பேரும். வடசென்னைப் பெண்கள் கேரமில் உலகத்தையே ஜெயிக்கிறார்களே, கிரிக்கெட்டில் ஏன் அந்த அளவுக்கு இல்லை?

எனக்குத் தோன்றுகிற ஒரு காரணத்தைச் சொல்கிறேன். கேரம் போர்டு வாசலில் அடங்கிவிடும். சந்தில் ஒரு பல்பு போதும். அப்பா பார்வையில், அம்மா கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் குழந்தை நாள் முழுக்க ஆடலாம். கிரிக்கெட்டுக்கு மைதானம் வேண்டும். மணலியில் இடத்துக்கா பஞ்சம்? கன்டெய்னர் அடுக்க ஏக்கர் கணக்கில் இடம் இருக்கிறது. டிரெய்லர் நிறுத்த இடம் இருக்கிறது. மிச்சம் மீதி இருக்கிற காலி இடங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். ஒரே நிலத்தில் நாலு பிட்ச், எட்டு டீம். ஒரு டீமின் ஃபைன் லெக் இன்னொரு டீமின் கல்லிக்குப் பக்கத்தில் நிற்பார். அத்தனை பேரும் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் அந்த ஓரமாக ட்யூஷனுக்கோ தண்ணீர்க் குடத்தோடோ போய்க்கொண்டிருப்பார்கள். பந்து அந்தப் பக்கம் வந்தால் எடுத்து எறிவார்கள். நல்ல எறி. கீப்பர் கைக்கே போகும். யாரும் கவனிப்பதில்லை.

இந்த இடத்தில் மனசாட்சி உள்ள ஒரு ஆண் கேட்பான். 'நான் யாரையும் ஆட வேண்டாம் என்று தடுக்கவில்லையே? நான் பாட்டுக்கு ஆடினேன், ஜெயித்தேன். இதில் என் தப்பு என்ன?'

நியாயமான கேள்வி. பதிலும் நியாயமாகத்தான் சொல்ல வேண்டும். தப்பு இல்லை. ஆனால், கடன் இருக்கிறது.

கணக்குப் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். குற்றம் வேறு, கடன் வேறு. தாத்தா வாங்கிய கடன் தாத்தா விட்டுப்போன சொத்தோடு சேர்ந்தே நம்மிடம் வருகிறது. வாங்கியது நாம் இல்லை. ஆனால், வீட்டை வைத்துக்கொண்டு கடனை மட்டும் 'எனக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்ல முடியாது. வகுப்பில் முதல் ரேங்க், ஆபீஸில் முதல் புரமோஷன், தொழிலில் முதல் ஆள் என்று நாம் வாங்கிய ஒவ்வொரு கப்பும் ஒரு ரேஸில் வாங்கியது. அந்த ரேஸில் எத்தனை கோடு போட்டிருந்தார்கள், எத்தனை கோட்டில் ஆள் நின்றது? ட்யூஷன் ஒருவருக்குத்தான் கட்டுப்படியாகும் என்று அண்ணனை அனுப்பிவிட்டு வீட்டில் நிறுத்தப்பட்ட தங்கை, அந்தக் காலிக் கோடுகளில் ஒன்று. பீஸ் கட்ட வழியில்லாமல் பத்தாவதோடு ஷெட்டுக்கு வேலைக்குப் போன நண்பன் இன்னொன்று. பெண் பிள்ளைகளோடு முடிகிற விஷயமில்லை இது. அவர்கள் ஓடியிருந்தாலும் நாமே ஜெயித்திருக்கலாம். ஜெயித்திருக்க மாட்டோம் என்று நான் சொல்லவில்லை. தெரியாது. அந்தத் 'தெரியாது'தான் கடன்.

அந்தக் கடனை எப்படி அடைப்பது? கப்பைத் திருப்பிக் கொடுத்து அல்ல. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. காலியாகக் கிடக்கிற கோட்டில் இன்னொருவர் வந்து நிற்க வழிவிட்டுத்தான். நாலு பிட்ச்சில் ஒன்று, வாரத்தில் ஒரு நாள் காலை, பெண் பிள்ளைகளுக்கு. அவர்கள் மோசமாக ஆடுவார்கள். ரெண்டே பேர்கூட வரலாம். சிரிக்காமல் இருந்தால் மூணாவது ஆள் வருவார்.

வராத எதிராளியைப் பற்றி யோசிக்கும்போது, அந்த 2024 ஆசியக் கோப்பை மறுபடி ஞாபகம் வருகிறது. எட்டு அணிகள். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், தாய்லாந்து, மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம். நேபாளத்தோடு நடந்த மேட்ச்சில் நம் சென்னை ஹேமலதா 47 அடித்தார். எல்லாம் சரி. இந்த லிஸ்ட்டில் ஒரு பேர் விட்டுப்போயிருக்கிறதே, கவனித்தீர்களா?

ஆப்கானிஸ்தான். அதற்கு ஒரு மாசத்துக்கு முன்னால், 2024 ஜூனில், அந்த நாட்டு ஆண்கள் டி20 உலகக் கோப்பையின் செமி ஃபைனல் வரை வந்து உலகத்தையே எழுந்து நிற்க வைத்தார்கள். அந்த நாட்டுப் பெண்கள்? 2020 நவம்பரில் 25 பெண்களை அந்த நாட்டு கிரிக்கெட் போர்டு ஒப்பந்தம் செய்தது. 2021 ஆகஸ்ட்டில் தாலிபான் ஆட்சி வந்தது. மைதானம் கிடக்கட்டும், பெண்களுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடமே மூடப்பட்டது. அந்த வீராங்கனைகளில் பெரும்பாலோர் ஊரை விட்டுத் தப்பி, ஆஸ்திரேலியாவில் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் வந்திருந்தால் ஆசியக் கோப்பையில் என்ன ஆகியிருக்கும்? அநேகமாகத் தோற்றிருப்பார்கள். 2004 இலங்கை மாதிரி, 2008 வங்கதேசம் மாதிரி. 37-க்குக்கூட ஆல் அவுட் ஆகியிருக்கலாம். ஆகட்டுமே! தோற்றவருக்கு அடுத்த மேட்ச் உண்டு. ஆறாவது முறை ஜெயிக்கிற வாய்ப்பு உண்டு. கோட்டில் நிற்கவே விடாதவர்களுக்கு என்ன உண்டு? ஜெயிக்கிற உரிமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தோற்கிற உரிமை அதற்கு முன்னால் வருகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பஜ்ஜி அக்காவிடம் எவர்சில்வர் டிபன் பாக்ஸாக இருந்தது அந்த உரிமைதான். அதனால்தான் அண்ணன்களின் சிரிப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை.

2025 ஜனவரி 30. மெல்போர்னில் ஜங்ஷன் ஓவல் மைதானம். தப்பி வந்த ஆப்கன் பெண்கள் முதல் முறையாக ஒரே அணியாக இறங்கினார்கள். எதிரே ஆட வந்தது 'கிரிக்கெட் வித்தவுட் பார்டர்ஸ்' என்கிற அணி. கோப்பை இல்லை, தரவரிசை இல்லை, அதிகாரபூர்வ அந்தஸ்தும் இல்லை. ஒரே ஒரு டி20 மேட்ச்.

ஆப்கன் பெண்கள் தோற்றார்கள்.

அந்த ஒரு தோல்விக்கு அவர்கள் மூன்றரை வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.